கேள்வி-பதில்: அடையாள அட்டையும் ஒன்லைன் கணக்கும்

ஒன்லைனில் வங்கிக் கணக்குத் திறக்க மூன்று தடவை முயன்றேன். ‘விபரம் பொருந்தவில்லை’ என்றே வருகிறது. என்னிடம் இருப்பது பழைய லமினேட் அட்டை. பிறந்த திகதியைச் சரியாகத்தான் போடுகிறேன்.
வாசகி, களுவாஞ்சிக்குடி

நீங்கள் போடுவது வீட்டில் சொல்லும் திகதியா, அட்டையில் இருக்கும் திகதியா? முதலில் அதைப் பாருங்கள். அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்ணும் ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருப்பார்கள். 85532 என்று தொடங்கினால், 1985 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண் என்று அர்த்தம். 2016இல் வந்த 12 இலக்க எண்ணிலும் இதே முறைதான், ஆண்டு மட்டும் நான்கு எண்ணாக இருக்கும்.

வங்கியின் செயலி நீங்கள் தரும் விபரத்தை, அடையாள அட்டை தரும் ஆட்பதிவுத் திணைக்களத்தின் பதிவோடு ஒப்பிடுகிறது. நீங்கள் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், பதிவில் வேறாக இருந்தால் கதவு திறக்காது. 78 சூறாவளியில் ஒரு தடவை, பிறகு இடம்பெயர்வில் பல தடவை என்று பத்திரங்களைத் தொலைத்த குடும்பங்கள் நம்முடையவை. பிந்திப் பதிந்த பிறப்புகளும் நிறைய. அதனால் இது உங்கள் கவனக்குறைவு என்று நான் சொல்லமாட்டேன்.

பெயரையும் பாருங்கள். தந்தையின் பெயர் முன்னால் வருகிறதா, முழுப்பெயரா முதலெழுத்தா, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிய பெயரா என்று அட்டையோடு வைத்துப் பாருங்கள். படம் எடுக்கும்போது பிளாஷ் வேண்டாம், லமினேட் பளபளத்து எழுத்து மறைந்துவிடும். பகல் வெளிச்சத்தில் விறாந்தையில் ஒரு கறுப்புத் துணியை விரித்து, அதன் மேல் அட்டையை வைத்து எடுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நான்காம் தடவை முயல வேண்டாம். பிறப்புச் சான்றிதழையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு கிளைக்குப் போங்கள். பதிவிலேயே பிழை என்றால் கிராம சேவகர், அவர் வழியாகப் பிரதேச செயலகம்.

கணக்குத் திறந்து தருவதாக வட்ஸ்அப்பில் ஒருவர் சொல்கிறார். ஆயிரம் ரூபாவும் அட்டையின் இரண்டு பக்கப் படமும் செல்பியும் கேட்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், கல்முனை

கொடுக்க வேண்டாம். வங்கி இதைக் காசு வாங்காமலே செய்கிறது.

கம்பஸில் கூடப் படிக்கும் பெடியன் என் பெயரில் ஒன்லைன் கணக்கொன்று திறந்து, கார்டையும் சிம்மையும் தன்னிடம் தரச் சொல்கிறான். மாதம் 5,000 தருவானாம். ஆபத்து ஏதும் உண்டா?
மாணவர், வந்தாறுமூலை

உண்டு. தெரிந்துதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் உழைக்காமல் மாதம் ஐயாயிரம் எதற்கு வரும் என்று பல்கலைக்கழகம் வரை போன ஒருவருக்கு விளங்கியிருக்க வேண்டும். மற்றவர்களிடம் ஏமாற்றிப் பறித்த காசு அந்தக் கணக்கு வழியாகத்தான் போகும். பொலிஸ் தேடி வருவது கணக்குக்காரரை. வீடியோவில் முகம் காட்டியதும் நீங்கள், அட்டையும் உங்களுடையது. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க பணம் தூயதாக்கல் தடுப்புச் சட்டம் இதற்குத்தான் இருக்கிறது. ‘எனக்குத் தெரியாது’ என்றால் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய்க் கணக்கை நிறுத்துங்கள்.

அஸ்வெசும நிவாரணக் காசு கூடுது, விபரம் புதுப்பிக்க வேணும் என்று கோல் வந்தது. அட்டைப் படம் அனுப்பினேன், முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொன்னார்கள், மறுகா போனில் வந்த இலக்கத்தையும் சொல்லிவிட்டேன். கணக்கில் இருந்த 37,000 ரூபாவும் போய்விட்டது. படிக்காததால் வந்த வினையா ஐயா?
தாய் ஒருவர், வெல்லாவெளி

இல்லையம்மா. நன்றாகப் படித்தவர்களும் இதில் விழுந்திருக்கிறார்கள். உங்களை ஏமாற்றியவர்கள் இதையே தொழிலாகச் செய்கிறவர்கள். வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம், நேரம் போகப் போகக் காசு கைக்கு எட்டாத தூரம் போகும்.

வங்கிக்கு இப்போதே கோல் எடுத்து, கணக்கை முடக்கச் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி எழுதி வையுங்கள். மறுகா பொலிஸில் முறைப்பாடு. வந்த கோலின் இலக்கத்தையும் குறுஞ்செய்திகளையும் அழிக்க வேண்டாம். வங்கிக்கு எழுத்திலும் ஒரு கடிதம் கொடுத்து, பிரதியில் சீல் வாங்குங்கள். அவர்கள் இழுத்தடித்தால் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவுக்கு 1935இல் சொல்லலாம்.

இன்னொன்று. முகத்தைத் திருப்பச் சொன்னார்கள் என்றால், உங்கள் பெயரில் வேறெங்கோ புதுக் கணக்கோ கடனோ எடுத்திருக்கலாம். உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க வங்கிச் செயலிகள் செய்யும் சோதனை அது. யார் பெயரில் என்ன கடன் என்று பதிந்து வைக்கும் கடன் தகவல் பணியகத்தில் உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். பிள்ளைகள் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், தனியே அலைய வேண்டாம்.

கொமினிகேஷனில் போட்டோகொப்பி எடுக்க அட்டைப் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். எல்லோரும் அனுப்புகிறார்களே?
வாசகர், செங்கலடி

எல்லோரும் அனுப்புவதுதான் என் கவலை.

2019இல் நான் தவணைக்கு ஒரு போன் வாங்கினேன். கடைக்காரர் அட்டையின் பிரதி கேட்டார், இரண்டு பக்கமும் எடுத்து, ஒரு வார்த்தையும் எழுதாமல் வெறும் தாளாகக் கொடுத்தேன். போன் ஆறு மாதத்தில் செத்தது. அது போகட்டும். ஒன்பதாம் மாதம், நான் கண்ணாலும் காணாத ஒரு சிம் என் பெயரில் இருப்பது தெரியவந்தது. அதை நிறுத்த இரண்டு வாரம் அலைந்தேன். பிரதி எங்கிருந்து போனது என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை, ஏனென்றால் அந்தத் தாளில் யாருக்குக் கொடுத்தேன் என்ற அடையாளமே இல்லை.

அன்றிலிருந்து பிரதியின் நடுவே, எழுத்துக்கு மேலாகவே, இன்ன கடைக்கு, இன்ன தேவைக்கு மட்டும், இன்ன திகதி என்று பேனாவால் எழுதாமல் யாருக்கும் கொடுப்பதில்லை. கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும். கொமினிகேஷனுக்கு அட்டையையே கொண்டுபோங்கள், முன்னால் நின்று பிரதி எடுத்து, கையோடு வாங்குங்கள். பழுதாய் விழுந்த தாளையும் கேட்டு வாங்குங்கள், அதிலும் உங்கள் இலக்கம் இருக்கிறது. வேறு வழியில்லாமல் அனுப்பினால், பிரதி வந்ததும் உங்கள் பக்கத்திலும் கடைக்காரர் பக்கத்திலும் அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள். முன்பு அட்டையின் படம் வெறும் படமாகத்தான் இருந்தது. இப்போது அதோடு ஒரு முகமும், போனுக்கு வரும் ஓடிபி இலக்கமும் சேர்ந்தால் உங்கள் கையெழுத்துப் போல.

வீடியோ கோலில் வந்த வங்கி அலுவலர் சிங்களத்தில் பேசினார். பாதி விளங்கவில்லை, ‘ஓம் ஓம்’ என்று சொல்லி முடித்தேன்.
வாசகி, அக்கரைப்பற்று

எதற்கு ஓம் சொன்னீர்கள் என்று தெரியாமல் இருப்பது நல்லதல்ல. வங்கிக்கு எடுத்து, என்ன சம்மதம் பதிவாகியிருக்கிறது என்று தமிழில் கேளுங்கள். அடுத்த முறை தொடக்கத்திலேயே தமிழ் பேசும் அலுவலர் வேண்டும் என்று சொல்லுங்கள், பெண் அலுவலர் வேண்டுமென்றாலும் கேட்கலாம். காத்திருக்கச் சொன்னால் காத்திருங்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி, நீங்கள் கேட்பது சலுகை இல்லை.

சாரதி அனுமதிப்பத்திரத்தை வைத்து ஒன்லைனில் திறக்கலாமா?
வாசகர், திருக்கோவில்

ஒப்பிடுவது ஆட்பதிவுத் திணைக்களப் பதிவோடு என்பதால் அடையாள அட்டைதான் வேண்டும். அனுமதிப்பத்திரத்தோடு என்றால் கிளைக்குப் போய்க் கேளுங்கள்.