கம்ப்ரசர் லாரிச் சத்தத்தையும் தூக்கும்

அன்புள்ள அண்ணா,

நான் கொருக்குப்பேட்டை. மாமா கானா பாடுவார், நான் டோலக் வாசிப்பேன். மாடி அறையில் ஒரு கண்டென்சர் மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் ஸ்கார்லெட் 2ஐ2 பெட்டி, லேப்டாப் வைத்து அவர் பாட்டுகளைப் பதிவு செய்து வருகிறேன். அவர் தணிந்து பாடும் வரி காதிலேயே விழுவதில்லை. குரலை எடுத்துப் பாடினால் சிவப்பு விளக்கு எரிந்து சத்தம் உடைகிறது. லேப்டாப்பில் மென்பொருளாக வரும் கம்ப்ரசர் ப்ளகின் போட்டுப் பார்த்தேன், டப்பாவுக்குள் பாடுவது போல இருக்கிறது. ஹார்டுவேர் கம்ப்ரசர் இருந்தால்தான் ஸ்டூடியோ சத்தம் வரும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். எதை வாங்கலாம்? ஒரு பாட்டை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், கொருக்குப்பேட்டை

அன்புள்ள தம்பி,

பாட்டை ஹெட்போனில் மூன்று முறை கேட்டேன். மாமாவுக்கு என்ன குரல்! மைக் இல்லாமல் தெருவில் பாடிப் பழகியவர் என்பது முதல் இழுப்பிலேயே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு வாங்கும் இடத்தில் விசிறி ஓடுவதும், தூரத்தில் ஒரு கன்டெய்னர் லாரி போவதும் கேட்கிறது. அந்த லாரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நாம் வைக்கும் கோட்டை, அதாவது திரெஷோல்டை, தாண்டுகிற சத்தத்தைக் கம்ப்ரசர் அமுக்கும். அமுக்கும் விகிதத்தை 4:1 என்று வைத்தால், கோட்டுக்கு மேல் 8 டெசிபல் போன குரல் 2 டெசிபலோடு நின்றுவிடும். அப்புறம் மேக்கப் கெயினைத் திருப்பி எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குகிறோம். உச்சத்தில் 10 டெசிபல் அமுக்கி 10 டெசிபல் தூக்கினால், மாமா பாடாத இடத்தில் விசிறியும் லாரியும் அதே 10 டெசிபல் ஏறி வரும். வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் கூடவே வரும். ப்ளகின் போட்டபோது உங்களுக்கு டப்பா மாதிரி கேட்டது அந்தச் சுவர்தான். காசு கொடுத்து வாங்கும் பெட்டியும் அதே சுவரைத்தான் தூக்கிக் காட்டும்.

அதனால் இந்த மாதம் எதையும் வாங்காதீர்கள். மாமாவை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். ஒரு அடி தள்ளி இருக்கும் வாய் அரை அடிக்கு வந்தால் குரல் சுமார் 6 டெசிபல் ஏறும், அறைச் சத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஏறிய அளவுக்கு 2ஐ2-வில் கெயினை, அதாவது மைக் சத்தத்தை ஏற்றும் குமிழை, குறைத்தால் லாரியும் சேர்ந்து இறங்கும். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள். மைக்கின் முகம் அந்தப் பக்கம்தானே பார்க்கிறது. டேக் ஓடும்போது, அதாவது பதிவு நடக்கும்போது, விசிறி வேண்டாம். ஓங்கிப் பாடும் வரியில் தலையைக் கொஞ்சம் பின்னால் இழுக்கச் சொல்லுங்கள். மேடையில் பாடியவர்களுக்கு இது சொல்லாமலே வரும், மாடி அறையில் மறந்துபோகும்.

லெவலை உச்சியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டாம். நாடாவில் பதிவு செய்த காலத்தில் நாடாவின் இரைச்சலுக்குள் குரல் மூழ்காமல் இருக்க, உள்ளே போகும்போதே அமுக்க வேண்டியிருந்தது. உங்கள் 24 பிட் டிஜிட்டல் பதிவில் இரைச்சல் மிகக் குறைவு, அந்தக் கட்டாயம் இல்லை. மீட்டரில் 0-தான் உச்சி; குரலின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும், சிவப்பு எரியாது. தணிந்த வரிகளை அப்புறம் லேப்டாப்பில் வரிவரியாகக் கையாலேயே தூக்குங்கள். நேரம் எடுக்கும்தான். ஆனால் அந்த வேலை முடிந்தபின் கம்ப்ரசருக்கு 3, 4 டெசிபல் வேலைதான் மிச்சமிருக்கும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் ராயபுரத்தில் ஒரு பெரியவர் பாடிய மரண கானாவை, அதாவது சாவு வீட்டில் பாடும் கானாவை, பதிவு செய்தேன். ஒரு கடையில் வாங்கிய பழைய கம்ப்ரசரை வழியில் மாட்டி, அட்டாக்கை, அதாவது சத்தம் கோட்டைத் தாண்டியதும் அமுக்கம் விழ எடுக்கும் நேரத்தை, மிக வேகமாக வைத்து, அமுக்கியபடியே பதிவு செய்துவிட்டேன். டோலக்கின் அடி மொத்தமும் மழுங்கிப் போயிருந்தது. பெரியவர் வார்த்தையைக் கடித்துத் துப்புகிற இடங்களெல்லாம் வழுவழுவென்று ஆகிவிட்டன. ப்ளகினாக இருந்திருந்தால் கழற்றிவிட்டு மறுபடி செய்திருப்பேன். உள்ளே போகும்போது அமுக்கியதைப் பிரிக்க வழியில்லை. அவர் இப்போது இல்லை. என்னிடம் இருப்பது அந்த ஒரு பதிவுதான்.

பழகுவதற்கு ரீப்பர் என்ற பதிவு மென்பொருளோடு வரும் ரியாகாம்ப் கம்ப்ரசர் ப்ளகின் போதும். குரலுக்கு 3:1, அட்டாக் 10 மில்லி செகண்ட், ரிலீஸ், அதாவது அமுக்கத்தை விட எடுக்கும் நேரம், 100 பக்கம் வைத்து ஆரம்பியுங்கள். டோலக்குக்கு அட்டாக்கை 20, 30 வரை தளர்த்துங்கள். அடியின் முனை தப்பித்து வெளியே வந்தபின்தான் அமுக்கம் விழ வேண்டும். ரிலீஸ் அடுத்த அடிக்குள் முடியட்டும். நிமிஷத்துக்கு 100 தாளம் போகும் பாட்டில் தாளத்துக்கு நாலு அடி விழுந்தால், ஒரு அடிக்கும் அடுத்ததற்கும் நடுவே 150 மில்லி செகண்ட்தான் இருக்கிறது. காதால் இதைப் பிடிக்க எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

ஹார்டுவேர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாடுகிறவர் அமுக்கிய குரலைத் தாமதமில்லாமல் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே பாடும்போது பாட்டு மாறுகிறது, தணிந்த வரியைத் துணிந்து தணிக்கிறார். பெட்டி வாங்க இது நியாயமான காரணம். ஆனால் மைக்கை நேராகக் கம்ப்ரசரில் சொருக முடியாது, மைக்கின் மெலிந்த சிக்னலை முதலில் ஏற்றிக் கொடுக்கும் ப்ரீஆம்ப் வேண்டும். ப்ரீஆம்ப் 2ஐ2-வுக்குள்ளேயே இருக்கிறது, ப்ரீஆம்ப் தாண்டிய சத்தத்தை வெளியே எடுத்து, கம்ப்ரசர் வழியாக மறுபடி உள்ளே விடும் இன்செர்ட் ஜாக் அதில் இல்லை. ஆகவே தனி ப்ரீஆம்ப் அல்லது இன்செர்ட் உள்ள சின்ன மிக்ஸர், கேபிள்கள் எல்லாம் சேர்த்துத்தான் உங்கள் 20,000-ஐக் கணக்குப் போட வேண்டும்.

அப்படி வாங்குவதானால் என் முதல் கை டிபிஎக்ஸ் 266எக்ஸ்எஸ்-க்குப் போகும். இரண்டு சானல், ஒன்றில் மாமா, இன்னொன்றில் டோலக். குரலுக்கு ஓவர்ஈஸி பொத்தானை அழுத்திவிடுங்கள், கோட்டை நெருங்கும்போதே மெதுவாக அமுக்க ஆரம்பிக்கும். தெளிவுக்கு எஃப்எம்ஆர் ஆர்என்சி இன்னும் நல்லது. அதன் சூப்பர் நைஸ் பொத்தான், பல கம்ப்ரசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக லேசாக அமுக்குவது போல வேலை செய்யும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கும், இரண்டு சானலுக்கும் சேர்த்து ஒரே செட் குமிழ்தான், அடாப்டர் 230 வோல்ட்டுக்கானதா என்றும் கேட்க வேண்டும். 1967-இல் வந்த 1176 என்ற ஸ்டூடியோ கம்ப்ரசரின் நகலான கிளார்க் டெக்னிக் 76-கேடி மீது உங்கள் நண்பர்களுக்கு ஆசை இருக்கும். வலது பக்கம் திருப்பத் திருப்ப அட்டாக் வேகமாகும் பெட்டி அது, மெதுவான முனையில்கூட 1 மில்லி செகண்டுக்குள்தான். நான் டோலக்கைக் கெடுத்தது போல நீங்களும் கெடுத்துவிடக் கூடாது. முதல் பெட்டியாக அது வேண்டாம்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருந்தாலும் எர்த் இணைத்திருக்க மாட்டார்கள். ம்ம்ம் என்ற 50 ஹெர்ட்ஸ் ஹம் வந்தால் கம்ப்ரசர் அதையும் தூக்கும். முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பாருங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய பெட்டி பார்த்தால், பாட்டு ஓடும்போது எல்லாக் குமிழையும் திருப்பிக் கேளுங்கள், கரகரவென்றால் உள்ளே அழுக்கு. கடல் உப்புக் காற்றில் ஜாக்குகள் சீக்கிரம் கறுத்துவிடும். மீட்டரில் இரண்டு சானலும் ஒரே அளவு அமுக்குகிறதா என்றும் பாருங்கள்.

மெத்தை வைத்து எடுத்த டேக்கை, எந்த ப்ளகினும் போடாமல் எனக்கு அனுப்புங்கள். அதே பாட்டாக இருக்கட்டும்.