கான்சர் சிகிச்சைக்குப் பிறகு உடம்பை அசைக்கலாமா? வாசகர் கேள்விகளுக்கு இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சங்கதியைத்தான் சுற்றி நிற்கின்றன. சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவரை ஒரு வேலையும் தொடவிடாமல் கட்டிலில் இருத்திப் பார்க்கிறோம், அது சரிதானா? பாசத்தில் செய்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் உடம்புக்கு அது நல்லதில்லை. ஓய்வுக்கு ஓர் அளவு இருப்பதுபோல் அசைவுக்கும் ஓர் அளவு உண்டு. கீழே எழுதுவது அந்த அளவைப் பற்றித்தான். உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

"வயது 52. இடது மார்பு எடுத்து ஏழு மாதம். கமக்கட்டிலை நெறியும் எடுத்தவை. இப்ப கை கொஞ்சம் வீங்கியிருக்கு. அந்தக் கையாலை ஒண்டும் தூக்காதையெண்டு எல்லாரும் சொல்லுகினம். தேங்காய் திருவுறதும் மகள்தான். இனி இப்பிடியேதான் இருக்க வேணுமோ?" (கோப்பாய்)

இல்லை அம்மா, அப்படி இருக்கத் தேவையில்லை.

கமக்கட்டு நெறிகளை (நிணநீர்க் கணுக்களை) எடுத்ததும் கையிலிருந்து நிணநீர் வடிந்துபோகும் வழி குறைந்துவிடுகிறது. தசை சுருங்கி விரியும்போதுதான் அந்த நீர் மேலே தள்ளப்படும். கையை மடியில் வைத்துக்கொண்டே இருந்தால் நீர் தேங்கும், தோள்மூட்டு இறுகும், தசை மெலியும். மெலிந்த கைக்கு ஒரு சின்னப் பானைகூடப் பாரமாகிவிடும்.

'பாரம் தூக்காதே' என்பது முன்பு மருத்துவர்களே சொன்ன புத்திதான். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. மார்புப் புற்றுநோய்க்குப் பிறகு கை வீக்கம் வந்திருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு தடவை, மெல்ல மெல்லக் கூட்டிப் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதத்தினருக்கும் செய்யாதவர்களில் 29 சதவீதத்தினருக்கும் வீக்கத் தொல்லை இடையில் முற்றியிருந்தது. அதாவது தூக்கியவர்களுக்கே தொல்லை குறைவு. ஆனால் அவர்கள் கையை அளவாக இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டு, தெரிந்தவரின் கண்காணிப்பில்தான் செய்தார்கள். இந்த இரண்டையும் மறக்க வேண்டாம்.

எனவே முதல் வேலை, ஓர் இயன்மருத்துவரிடம் போய் இரண்டு கையையும் அளந்து எழுதி வைப்பது. வீட்டிலும் தையல் நாடாவால் மாதம் ஒருமுறை அளக்கலாம். மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே, முழங்கைக்கு மேலே என மூன்று இடம் போதும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளக்க வேண்டும்.

தோளுக்கு: சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் பல்லி ஏறுவதுபோல் சுவரில் மேலே ஏறுங்கள். இழுவை தெரியலாம், குத்தும் நோ வரக்கூடாது. எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். இரண்டு கிழமையில் அந்தக் கோடு எவ்வளவு உயர்ந்தது என்று பார்க்கும்போது வரும் தெம்பு வேறு. (சத்திரசிகிச்சை முடிந்து வடிகுழாய் எடுக்காதவர்கள் கையைத் தோள் மட்டத்துக்கு மேலே தூக்க வேண்டாம். விரல் மடக்கி நீட்டுவதும் முழங்கை மடக்குவதும் போதும்.)

பாரத்துக்கு: அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஏறத்தாழ அரைக் கிலோ. அதைப் பிடித்து முழங்கையை மெதுவாகப் பத்துத் தடவை மடக்கி நீட்டுங்கள். சற்று ஆறிவிட்டு இன்னும் பத்து. கிழமைக்கு இரண்டு நாள், அடுத்தடுத்த நாட்களில் வேண்டாம். மறுநாள் கை பாரமாக, இறுக்கமாகத் தெரியாவிட்டால் இரண்டு கிழமை கழித்துக் கொஞ்சம் கூட்டலாம். தெரிந்தால் ஒரு படி இறங்குங்கள். தேங்காயும் இந்தக் கணக்குத்தான். முதலில் அரை மூடி திருவுங்கள், மிச்சத்தை மகள் திருவட்டும். கிணற்றில் வாளி இழுப்பதைக் கடைசிக்கு வையுங்கள், அதில் வெட்டி இழுக்கும் வேகம்தான் தோளுக்கு ஆகாது.

பாரத்தைவிட நான் பயப்படுவது காயத்துக்கு. மீன் வெட்டும்போதும் றால் உடைக்கும்போதும் தேசி முள்ளுக்குள் கை விடும்போதும் கையுறை போடுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், எண்ணெய் பூசி உருவிவிடக் கூடாது.

"அப்பாவுக்கு 64 வயது. பெருங்குடலிலை கான்சர், ஒபரேஷனும் கீமோவும் முடிஞ்சுது. டொக்டர் நல்லாயிருக்கு எண்டிட்டார். ஆனா அவர் முழுநாளும் படுத்தபடி. கேட்டால் களைப்பு எண்டுறார். நித்திரை கொண்டாலும் களைப்பு மாறுதில்லை." (சுன்னாகம்)

அப்பா சோம்பலில் படுக்கவில்லை. இந்தக் களைப்பு வேறு வகை. தோட்டத்தில் வேலை செய்து வரும் களைப்பு படுத்து எழும்பினால் போய்விடும். சிகிச்சைக்குப் பிறகு வருவது படுக்கப் படுக்கக் கூடும், ஏனென்றால் படுத்திருக்கும் ஒவ்வொரு நாளும் கால் தசை கரைகிறது.

முதலில் அடுத்த கிளினிக்கில் இரத்தச்சோகை, தைரொயிட், நித்திரை, மனச்சோர்வு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவற்றில் குறை இருந்தால் மருந்து வேண்டும். குறை இல்லையென்றால் நடைதான் மருந்து. 2019இல் வெளியான சர்வதேச நிபுணர் குழுவின் பரிந்துரை இது: மிதமான வேகத்தில் 30 நிமிட நடையோ சைக்கிளோ, கிழமைக்கு மூன்று நாள், குறைந்தது 12 கிழமை. களைப்பு, பதற்றம், மனச்சோர்வு மூன்றுமே அந்த அளவில் குறைகின்றன.

அப்பாவிடம் முதல் நாளே 30 நிமிடம் கேட்க வேண்டாம். ஐந்து நிமிடம், முற்றத்திலிருந்து ஒழுங்கை முடக்கு வரை. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். வேகம் எவ்வளவென்றால், நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், தேவாரம் பாட மூச்சுக் காணாமல் இருக்க வேண்டும். எங்கள் வெயிலுக்குக் காலை ஏழுக்கு முன்போ மாலை ஐந்துக்குப் பின்போதான். யாழ்ப்பாண ரவுனுக்கு வருகிறவர் என்றால் பழைய பூங்காவோ பண்ணைக் கடற்கரையோ நல்லது. 'நடவுங்கோ' என்று துரத்துவதைவிடக் கடையில் பேப்பர் வாங்கி வரச் சொல்வது பலிக்கும். கைபிடியுள்ள உறுதியான கதிரையில் இருந்து எழும்பி இருப்பதையும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை, பத்துப் பத்துத் தடவை செய்விக்கலாம். நடையை விடத் தொடைக்கு அது பலன் தரும். சாப்பாட்டில் மீன், முட்டை, பயறு, உழுந்து சேரட்டும், வெறும் கஞ்சியில் தசை வளராது.

பெருங்குடல் புற்றுநோய்க்கு இன்னொரு செய்தியும் உண்டு. இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். 2025இல் முடிவு வெளியான ஒரு பெரிய ஆய்வில், சத்திரசிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மூன்று வருடம் ஆள் வைத்து ஊக்கப்படுத்தி உடற்பயிற்சி செய்வித்தார்கள். மற்றப் பிரிவுக்கு அறிவுரைக் கையேடு மட்டும். ஐந்து ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் முதல் பிரிவில் 80.3 சதவீதம், இரண்டாவதில் 73.9. எட்டு ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள் 90.3, 83.2. பெரும்பாலானவர்கள் செய்தது வேகநடைதான்.

அப்பா தெல்லிப்பழைக்குக் கிளினிக் போகிறவராக இருந்தால் இதையும் சொல்லலாம்: அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையே, 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை மக்கள் நடந்து திரட்டிய நிதியில் எழுந்ததுதான்.

38 பாகைக்கு மேல் காய்ச்சல், வயிற்றோட்டம், தலைசுற்று, நெஞ்சு நோ, வழக்கத்துக்கு மாறான மூச்சுவாங்கல் உள்ள நாளில் நடை வேண்டாம். வயிற்றில் மலம் சேரும் பை வைத்தவர்கள் பாரம் தூக்கும் பயிற்சிக்கு முன் சத்திரசிகிச்சை நிபுணரைக் கேளுங்கள், அந்த இடத்தில் குடலிறக்கம் வரலாம்.

"வாய்க்குள்ளை கான்சர் வந்து ஒபரேஷன் செய்து கரண்டும் பிடிச்சது. இப்ப வாய் ஒரு விரலளவுதான் திறக்குது. சோறு போகுதில்லை." (குருநகர்)

ஐயா, கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு தாடைத் தசைகள் நார்போல் இறுகுவது உண்டு. சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்தும் இறுக்கம் கூடிக்கொண்டு போகலாம். ஆகவே இதை இன்றைக்கே தொடங்க வேண்டும்.

மரத்தாலான ஐஸ்கிரீம் குச்சிகளைக் கழுவி, அவித்து, காய வையுங்கள். முன்பற்களுக்கு இடையே எத்தனை குச்சி ஒன்றன்மேல் ஒன்றாக நுழைகிறது என்று எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். அத்தனை குச்சிகளையும் சேர்த்து வைத்து ஏழு விநாடி பிடியுங்கள், எடுங்கள், இப்படி ஏழு தடவை. ஒரு நாளில் ஏழு வேளை செய்தால் மிக நல்லது. நாலு வேளை என்றாலும் விடாமல் செய்யுங்கள். செய்ய முன் கன்னத்தில் இளஞ்சூட்டுத் துணி ஒத்தலாம். கதிர் பட்ட தோலில் உணர்வு மங்கியிருக்கும், அதனால் சூட்டைக் கையில் பார்த்துவிட்டு வையுங்கள். ஒரு கிழமை கழித்து இன்னொரு குச்சியைச் செருகிப் பாருங்கள். மூன்று விரல் ஒன்றன்மேல் ஒன்றாக நுழைந்தால் வாய் நன்றாகத் திறக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். பல் ஆடினாலோ வாயில் புண் இருந்தாலோ குச்சி வைக்காமல் முதலில் காட்டுங்கள். கதிர் பட்ட தாடையில் பல் பிடுங்குவதற்கு முன் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும், எலும்பு ஆறாமல் போகலாம்.

கழுத்து நெறியும் எடுத்தவர் என்றால் அந்தப் பக்கத் தோள் தொங்கும், சேட்டு மாட்டக் கை எழும்பாது. தோளுக்கும் தனிப் பயிற்சி உண்டு, கேட்டு வாங்குங்கள்.

வெற்றிலை, பாக்கு, புகையிலை மூன்றையும் விட்டுவிடுங்கள் ஐயா. புகையிலை இல்லாத வெற்றிலைக்கூட்டும் புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம். பாக்கே வாயை இறுக வைக்கும்.

"கீமோவுக்குப் பிறகு இரண்டு பாதமும் விறைப்பு. நல்லூர்த் திருவிழாவிலை அடியழிக்கிறதாக நேர்த்தி. செய்யலாமோ?" (கொக்குவில்)

சில கீமோ மருந்துகள் பாத நரம்புகளைத் தாக்கும். பக்லிடக்செல், வின்கிறிஸ்டின், ஒக்சாலிபிளாட்டின் போன்றவை அப்படிப்பட்டவை. நரம்பு மங்கினால், அடியழித்தபடி வெறுங்காலுடன் கோயில் வீதியைச் சுற்றும்போது கால் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கூட்டத்தில் தடுமாறி விழவும் வாய்ப்பு உண்டு.

நேர்த்தியைக் கைவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. திருவிழா 25 நாள். விடியற்காலையில், மணல் குளிர்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு, முழு வீதி ஏலாவிட்டால் கொஞ்சத் தூரம் செய்யுங்கள். மத்தியான வெயிலில் வேண்டவே வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்.

அதற்கு முன் இரண்டு மாதமாவது சமநிலைப் பயிற்சி செய்யுங்கள். குசினி மேசையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி, பிறகு மற்றக் கால். அது பழகினால் பிடியைத் தளர்த்தி ஒரு விரல் மட்டும் மேசையில் வையுங்கள். குதிகாலை உயர்த்தி இறக்குவதும் நல்லது. வீட்டுக்குள்ளும் செருப்போடு நடவுங்கள். நீரிழிவும் இருந்தால் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

"லெற்றோசோல் குளிசை போடத் தொடங்கின பிறகு விரல், முழங்கால் எல்லாம் நோ. காலமை எழும்ப ஏலாது. குளிசையை நிப்பாட்டட்டோ?" (மானிப்பாய்)

நீங்களாக நிப்பாட்ட வேண்டாம். மார்புப் புற்றுநோய் திரும்பாமல் காப்பது அந்தக் குளிசைதான். நடையும் கிழமைக்கு இரண்டு நாள் தசைப் பயிற்சியும் இந்த மூட்டு நோவைக் குறைக்கும் என்பது ஆய்வில் தெரிந்த விஷயம். காலையில் விரல்களை இளஞ்சூட்டு நீரில் வைத்து மடக்கி நீட்டிவிட்டு எழும்புங்கள். குளிசை எலும்பையும் மெலியச் செய்யும், எனவே எலும்பு அடர்த்திச் சோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்படியும் தாங்க முடியாவிட்டால் வேறு குளிசைக்கு மாற்ற அவரால் முடியும்.

"கனடாவிலை இருக்கிற அக்கா யோகா வீடியோ வாட்ஸ்அப்பிலை அனுப்பினவ. அம்மாவுக்கு முள்ளந்தண்டிலை பரவியிருக்கு. அதைப் பார்த்துச் செய்விக்கலாமோ?" (சாவகச்சேரி)

அந்த வீடியோ வேண்டாம். அக்காவின் அக்கறை பெரிது, ஆனால் முள்ளந்தண்டில் நோய் உள்ளவருக்குக் குனிதல், இடுப்பைத் திருகுதல், பின்னால் வளைதல் மூன்றுமே எலும்பை முறிக்கலாம். பாரம் தூக்குவதும் கூடாது.

அதற்காக அம்மாவைப் படுக்கையில் விட வேண்டாம். எந்த எலும்பில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று படங்களைப் பார்த்த மருத்துவர் சொன்ன பிறகு, கதிரையில் இருந்தபடி கால் நீட்டுதல், கணுக்கால் அசைத்தல், ஆழ மூச்சு, ஆள் துணையோடு வீட்டுக்குள் நடை என்று ஓர் இயன்மருத்துவர் வகுத்துத் தருவார். கட்டிலிலிருந்து எழும்பும்போது மல்லாந்த நிலையிலிருந்து நேரே தூக்கி நிமிர்த்தாதீர்கள். முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பிப் பக்கவாட்டில் படுத்து, காலைக் கீழே விட்டு, கையை ஊன்றி எழும்பப் பழக்குங்கள்.

புதிதாக முதுகு நோ வந்து, படுத்தால் அல்லது இருமினால் கூடினால், கால்கள் பலமிழந்தால், இடுப்புக்குக் கீழே விறைத்தால், சலம் போகக் கஷ்டப்பட்டால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காதீர்கள். அது இரவு நேரமாக இருந்தாலும் அம்மாவை அசையாமல் படுக்க வைத்தபடியே அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள், முள்ளந்தண்டில் பரவியிருப்பதை வாசலிலேயே சொல்லுங்கள்.