சரிவில் நியூட்ரல் போட்டும் மைலேஜ் ஏறவில்லை என்றால்

சரிவில் நியூட்ரலில் இறக்கியும் மைலேஜ் ஏறவில்லையே என்று எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். நியூட்ரல் போடுவதை விட்டுவிடுங்கள், அதில் பெட்ரோல் மிச்சமாகாது. கியரிலேயே வைத்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் போதும். ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் (இன்ஜெக்டர் என்ற கருவி பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியில் அப்போது சக்கரங்களே இன்ஜினைச் சுழற்றும். இன்ஜெக்டர் பெட்ரோல் விடுவதையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்கவே கொஞ்சம் குடித்துக்கொண்டிருக்கும். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் இன்ஜின் பிரேக்கும் நியூட்ரலில் கிடைக்காது, நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடாகிவிடும்.

ஆனால் உங்கள் மைலேஜ் குறைய இது மட்டும் காரணமாக இருக்காது. 'சிக்னல் வரை விரட்டிப் போய் பிரேக் அடிப்பேன்' என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பெட்ரோல் எரித்து ஏற்றிய வேகமெல்லாம் அங்கே பிரேக் சூடாகத்தான் போகிறது! தூரத்தில் சிவப்பு தெரிந்ததுமே காலை எடுத்துப் பழகுங்கள்.

டாஷ்போர்டில் உடனடி மைலேஜ் காட்டுமா? அதே சரிவில் கியரில் இறங்கிப் பாருங்கள், எண் உச்சத்தில் போய் நிற்கும். அடுத்த முறை நியூட்ரலில் இறங்குங்கள், ஆளில்லாத இடமாகப் பார்த்து ஒரே ஒரு தடவை. வித்தியாசம் தெரியும். அப்புறம், மைலேஜுக்காக டயர் காற்றையும் வண்டி ஓடிச் சூடாகும் முன் பாருங்கள்.

இன்ஜெக்டர் இல்லாத பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் இந்த பெட்ரோல் கணக்கு பொருந்தாது. பிரேக் விஷயம் அதற்கும் பொருந்தும்.