டொபாகோவில் ஒரு பால்டிக் பெயர்

கேள்வி: கரீபியனில் உள்ள டொபாகோ தீவின் வரைபடத்தில் 'கிரேட் கூர்லாந்து விரிகுடா' என்று ஒரு பெயர் கண்ணில் பட்டது. கூர்லாந்து லாத்வியாவில் அல்லவா இருக்கிறது? பெயர் எப்படி அங்கே போனது?

பதில்: கப்பலேறித்தான் போனது. கூர்லாந்து என்பது இன்றைய லாத்வியாவின் மேற்குப் பகுதி, அந்த ஊர்க்காரர்கள் குர்செமே என்பார்கள். ரஷ்ய மன்னர் இவான் படையெடுத்து வந்ததில், அந்தப் பகுதியை ஆண்டுகொண்டிருந்த லிவோனிய வீரத்துறவிகளின் அமைப்பு ஆட்டம் கண்டது. அதன் கடைசித் தலைவர் கோட்ஹார்ட் கெட்லர் 1561-இல் துறவையே துறந்து, போலந்து மன்னருக்குக் கட்டுப்பட்ட டியூக்காக அங்கே உட்கார்ந்துகொண்டார். இவருடைய பேரன் யாக்கோப்தான் நம் ஆள். 1642-இல் பட்டத்துக்கு வந்தவர், கையில் காடு இருக்கிறது, கடல் இருக்கிறது, அப்புறம் என்ன என்று வின்டாவ் துறைமுகத்தில் (இப்போது வென்ட்ஸ்பில்ஸ்) கப்பல்களாகக் கட்டித் தள்ளினார். 1651-இல் ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்றில் ஒரு தீவு, 1654-இல் டொபாகோ. அங்கே கட்டிய கோட்டைக்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார்!

ஆனால் 1658-இல் சுவீடன்காரர்கள் டியூக்கையே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் 1660-இல் திரும்பி வருவதற்குள் டொபாகோவை டச்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள், அடுத்த வருடம் காம்பியாத் தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது. டொபாகோவைத் திரும்பப் பெற யாக்கோப் எவ்வளவோ முயன்றார், நிலைக்கவில்லை.

இதை 'லாத்வியாவின் காலனி' என்று பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆண்டவர்கள் ஜெர்மன் பேசிய பிரபுக்கள். லாத்விய உழவர்கள் அந்தப் பிரபுக்களின் பண்ணைகளில் அடிமைப்பட்டுக் கிடந்தார்கள். அவர்களுக்கு விடுதலை கிடைத்ததே 1817-இல்தான்.

கேள்வி: சரி, அந்த வம்சம் என்ன ஆனது?

பதில்: ஒரு கல்யாணத்தில் விதி மாறியது. 1710-இல் டியூக் பிரெடரிக் வில்ஹெல்முக்கு மகா பீட்டரின் அண்ணன் மகள் அன்னாவைக் கட்டிவைத்தார்கள். பெண்ணுக்கு 17 வயது. பீட்டர்ஸ்பர்க்கில் விருந்தெல்லாம் முடிந்து ஊர் திரும்பக் கிளம்பிய மாப்பிள்ளை, 1711 ஜனவரியில் வழியிலேயே இறந்துபோனார். விதவையாகக் கூர்லாந்தின் தலைநகர் மிதாவில் கிடந்த அன்னாவுக்கு 1730-இல் ரஷ்யப் பேரரசியாகும் யோகம் அடித்தது. 1737-இல் கெட்லர் வம்சம் வாரிசில்லாமல் முடிந்ததும், அன்னா தன் அந்தரங்க நண்பர் பிரோனை டியூக்காக்கிவிட்டார். பிரோனுக்காகக் கட்டடக் கலைஞர் ரஸ்ட்ரெல்லி வரைந்து கட்டிய அரண்மனை இன்னும் மிதாவில், அதாவது இன்றைய யெல்காவாவில் நிற்கிறது. 1795-இல் பிரோனின் மகன் நாட்டை ரஷ்யாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

இப்போது அந்த அரண்மனையில் ஒரு பல்கலைக்கழகம் நடக்கிறது, விவசாயப் படிப்புக்குப் பேர்போனது. மாணவர்கள் மேலே வகுப்புக்குப் போகிறார்கள், கீழே நிலவறையில் யாக்கோப் முதலான டியூக்குகளின் சவப்பெட்டிகள் வரிசையாகக் கிடக்கின்றன.