வீட்டுக்குள் ஒரு முதலாளி: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் வீட்டு வேலை செய்பவர்களின் வேலை நேரம், வார விடுமுறை பற்றியும், அவர்களை வைத்திருக்கிற நாமும் முதலாளிகள்தான், நாம் ஒன்று சேர்ந்து இதைச் செய்யலாம் என்றும் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கின்றன. மீதியிலிருந்து ஐந்தும், வாங்கியதிலிருந்து ஒன்றும் இங்கே. பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டதால் யார் பெயரும் போடவில்லை.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் எண்பது வீடுகள். வேலை செய்கிறவர்களுக்கு வார விடுமுறை, வருடா வருடம் சம்பள உயர்வு என்று எல்லா வீடுகளும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வரலாமே என்று சொல்லிப் பார்த்தேன். ‘நீங்கள் ஏற்றிவிட்டுப் போய்விடுவீர்கள், மாட்டிக்கொள்வது நாங்கள்’ என்கிறார்கள். வீட்டுக்காரர்களை ஒன்று சேர்ப்பது நடக்கிற காரியமா?

ஏற்கெனவே நடந்துகொண்டுதானே இருக்கிறது! உங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போன மாதத்துச் செய்திகளைப் பாருங்கள். ‘புதிதாக வருகிறவர் அதிகம் கேட்கிறார், யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.’ ‘எங்கள் வீட்டில் சொல்லாமல் நின்றுவிட்டார், வேறு யாரும் சேர்க்க வேண்டாம்.’ இதற்கு என்ன பெயர்? முதலாளிகள் சங்கம். பதிவும் கிடையாது, தலைவரும் கிடையாது, ஆனால் கட்டுப்பாட்டுக்குக் குறைச்சல் இல்லை. அந்தக் கட்டுப்பாட்டை வேறு பக்கம் திருப்ப முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி.

எண்பது வீட்டையும் கூட்டித் தீர்மானம் போட முயல வேண்டாம். நான் முயன்றேன். அசோசியேஷன் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்கும் வண்டி நிறுத்துகிற இடத்துக்கும் நடுவில் மூன்று நிமிடம் கிடைத்தது. ‘நல்ல யோசனை, பார்க்கலாம்’ என்றார்கள். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

பிறகுதான் வேறொரு கணக்கு பிடிபட்டது. என் வீட்டுக்கு வருகிறவர் என் வீட்டுக்கு மட்டும் வருகிறவர் இல்லை. எனக்கு முன்னால் இரண்டு வீடு, எனக்குப் பிறகு ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னேன். மற்ற மூன்று வீட்டிலும் ஞாயிறு வேலை உண்டு. அதே பேருந்து, அதே மாடிப்படி. என் வீட்டுக்கான ஒரு மணி நேரத்தைப் படிக்கட்டில் உட்கார்ந்து கழித்துவிட்டு அடுத்த வீட்டு மணியை அடித்தார். நான் கொடுத்த விடுமுறையின் லட்சணம் அது. நாலு வீடும் ஒரே கிழமையைச் சொன்னால்தான் அவருக்கு விடுமுறை. ஒரு வீடு தனியாக எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதை மட்டும் கொடுக்கவே முடியாது.

ஆகவே எண்பதை விடுங்கள், நாலைப் பிடியுங்கள். ஒரே ஆள் வேலை செய்கிற நாலு வீட்டுக்காரர்கள் ஒரு மேசையில் உட்கார ஒரு மாலைப் பொழுது போதும். நாங்கள் உட்கார்ந்தபோது எழுதியது ஒரு பக்கம்தான். எல்லாருக்கும் பொதுவான ஓய்வு நாள். நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிற நாளுக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. உடம்பு சரியில்லாத நாளுக்கு வருடத்தில் இத்தனை என்று சம்பளத்தோடு லீவு. நிறுத்துவதானால் ஒரு மாதம் முன்னால் சொல்வது, அல்லது ஒரு மாதச் சம்பளம். விருந்தாளி வந்து தங்கினால் கூடுதல் வேலைக்குக் கூடுதல் காசு. இதில் பாதி, கையிலிருந்து காசே போகாத விஷயம். அதனால்தான் அதில் தொடங்கச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் மிரளாமல் இருப்பார்.

சம்பளத்துக்கு வருவோம். ‘ஏற்றிவிடுகிறீர்கள்’ என்று குற்றம் சொல்கிறவரிடம் மழுப்பாதீர்கள், ‘ஆமாம், ஏற்றத்தான் போகிறேன்’ என்று சொல்லிவிடுங்கள். ஆனால் எழுதும்போது ‘இதற்குக் குறையாமல்’ என்ற இரண்டு சொல்லை விட்டுவிடாதீர்கள். ‘எல்லா வீட்டிலும் ஒரே ரேட்’ என்று மட்டும் எழுதினால், இரண்டே மாதத்தில் ‘அதற்கு மேல் கிடையாது’ என்று அதையே காட்டுவார்கள்.

கேள்வி: முதலாளி என்ற சொல்லே உறுத்துகிறது. நாங்களும் மாதச் சம்பளத்துக்கு ஓடுகிறவர்கள்தான். எங்கள் வீட்டில் வேலை செய்கிறவரைக் குடும்பத்தில் ஒருவராகத்தான் நடத்துகிறோம். தாள், கையெழுத்து என்று வந்தால் அந்தப் பாசம் கெட்டுவிடாதா?

எனக்கும் உறுத்தியது. முப்பத்தொரு வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தேன், அதில் இருபது வருடம் ஊழியர் சங்கத்தில். தற்செயல் விடுப்பில் ஒரு நாளைக் குறைத்தார்கள் என்று வாயிற்கூட்டத்தில் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். கத்திவிட்டு வீட்டுக்கு வந்து, அடுப்படிச் சுவரில் தொங்கிய காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போடுவேன். வீட்டு வேலை செய்கிறவர் வராத ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வட்டம். மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணிச் சம்பளத்தில் பிடிப்பேன். கணக்குப் பிரிவு அல்லவா, பிசகவே பிசகாது.

ஒரு மாதம் நாங்கள் ஒன்பது நாள் வெளியூர் போய்விட்டு வந்தோம். அந்த ஒன்பதுக்கும் வட்டம். சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். ‘அம்மா, நான் வராத நாளுக்கு வட்டம் போடுறீங்க, சரி. நீங்க இல்லாத நாளுக்கும் எனக்கே போடுறீங்களே?’ என்றார். கோபமே இல்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். எனக்கு வாய் எழவில்லை. (அந்த மாதத் தாளைக் கிழித்து எடுத்து வைத்திருக்கிறேன். என் சங்க உறுப்பினர் அட்டையும் அதே டப்பாவில்தான் கிடக்கிறது.)

குடும்பத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் யாரும் காசு பிடிப்பதில்லை. பாசம் இருக்கட்டும், யார் வேண்டாம் என்றார்கள்? அதோடு ஒரு தாளும் இருக்கட்டும். உங்களுக்குக் கோபம் வருகிற நாளில் அவருக்கு அந்தத் தாள்தான் துணை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011 ஜூனில் ஜெனீவாவில் நிறைவேற்றிய 189ஆம் உடன்படிக்கை இதை எளிமையாகத் தீர்த்துவைக்கிறது. சம்பள வேலை என்ற முறையில் ஒரு வீட்டிலோ பல வீடுகளிலோ வேலை செய்கிறவர் தொழிலாளி. அவர் தொழிலாளி என்றால் எதிர்ப்பக்கம் இருக்கிற நாம் யார்? அதே உடன்படிக்கையின் 3ஆம் பிரிவில் இன்னொன்றும் இருக்கிறது. சங்கம் அமைக்கிற உரிமையை, வேலை செய்கிறவர்களோடு சேர்த்து வேலைக்கு வைக்கிறவர்களுக்கும் காப்பாற்றிக் கொடுக்கச் சொல்கிறது. நம்மைப் பற்றி ஜெனீவாவில் யோசித்திருக்கிறார்கள், நாம்தான் யோசிக்கவில்லை.

கேள்வி: வீட்டுக்காரர்கள் சங்கமாகச் சேர்ந்து, தொழிலாளர் சங்கத்தோடு உட்கார்ந்து பேசிய கதை உலகத்தில் எங்காவது உண்டா? இல்லை, எல்லாம் உங்கள் ஆசையா?

உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது உருகுவே. அந்த நாடு 2006இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீட்டு வேலைக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 44 மணி நேரம், வாரம் ஒருமுறை தொடர்ச்சியாக 36 மணி நேர ஓய்வு. அடுத்து, மற்றத் தொழில்களைப் போலவே சம்பளத்தையும் முத்தரப்புப் பேச்சில் முடிவு செய்ய வேண்டும் என்று வந்தது. அரசு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தது. தொழிலாளர் சங்கம் இன்னொன்றில் உட்கார்ந்தது. மூன்றாவது நாற்காலிக்குத்தான் ஆள் இல்லை. தொழிலதிபர்களின் அமைப்பு, இது எங்கள் வேலை இல்லை என்று ஒதுங்கிக்கொண்டது. கடைசியில் இல்லத்தரசிகளும் நுகர்வோரும் சேர்ந்த சங்கம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ‘ஆமாம், நாங்கள்தான் முதலாளிகள்’ என்று ஒரு கூட்டம் தானாக முன்வந்து சொன்னதே, அதுதான் என்னைக் கவர்ந்தது. 2008 ஆகஸ்ட் 19 அன்று பேச்சு தொடங்கியது, நவம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஆகஸ்ட் 19 இப்போது அங்கே வீட்டு வேலைத் தொழிலாளர் நாள், சம்பளத்தோடு விடுமுறை. 189ஆம் உடன்படிக்கையை 2012இல் உலகிலேயே முதலில் ஏற்றதும் அதே நாடுதான்.

இத்தாலியில் 1974இலேயே முதல் தேசிய ஒப்பந்தம் வந்துவிட்டது. ஆண்டுக்கு 13ஆவது மாதச் சம்பளம் ஒன்று அங்கே உண்டு. பிரான்ஸில் வீட்டு முதலாளிகளின் கூட்டமைப்பு 1948இலிருந்து இருக்கிறது, 1999இல் தேசிய ஒப்பந்தம் போட்டார்கள்.

தோற்ற கதையும் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் 1928இலேயே வீட்டு வேலை நிலைமையைச் சீர்செய்ய ஒரு தேசியக் குழுவைத் தொடங்கினார்கள். இத்தனை மணி நேரம், இன்ன ஓய்வு என்று வீட்டுக்காரர்கள் மனமுவந்து கடைப்பிடிக்கட்டும் என்று மாதிரி விதிகளும் எழுதினார்கள். மனமுவந்தவர்கள் எத்தனை பேர்? 1938இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தபோது வீட்டு வேலை அதற்கு வெளியே நின்றது. உள்ளே வர 1974 ஆயிற்று. நாலு வீட்டுத் தாளில் தொடங்கச் சொன்ன நானே இதையும் சொல்கிறேன்: அந்தத் தாளோடு நின்றுவிடாதீர்கள். சட்டம் கேட்டு அவர்கள் தெருவில் நிற்கும்போது, வேலைக்கு வைத்திருக்கிற நாமும் போய் நின்றால் அதன் எடையே வேறு. 2010இல் நியூயார்க் மாநிலத்தில் வீட்டு வேலைத் தொழிலாளர் உரிமைச் சட்டம் வந்தபோது, வீட்டுக்காரர்களிலும் ஒரு கூட்டம் அதற்காகப் பேசியது.

கேள்வி: அம்மாவுக்கு நடமாட்டம் இல்லை. ஒருவர் எங்கள் வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறார். எங்கள் இருவர் சம்பளத்தில் பாதி அதற்கே போகிறது. எட்டு மணி நேரம், ஓய்வு நாள் என்று நீங்கள் எழுதுவதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு. எங்களையும் உங்கள் சங்கத்தில் சேர்ப்பீர்களா?

உங்களைத்தான் முதலில் சேர்க்க வேண்டும். முதலில் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவருக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். இரவில் எத்தனை முறை எழுந்தார், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். ‘ராத்திரி சும்மாதானே படுத்திருக்கிறார்’ என்று நாம் நினைப்பது எவ்வளவு பொய் என்று அந்த நோட்டு காட்டிவிடும். எப்போது கூப்பிடுவார்களோ என்று காத்துக் கிடக்கிற நேரமும் வேலை நேரம்தான்.

ஓய்வு நாளுக்கு ஆள் இல்லை என்பீர்கள். உங்களைப் போல மூன்று நாலு வீடு பக்கத்திலேயே இருக்கும், விசாரித்துப் பாருங்கள். ஆளுக்கொரு கிழமை என்று பிரித்துக்கொண்டு, எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரு மாற்று ஆளை முழுச் சம்பளத்தில் வைக்கலாம். தனி வீட்டுக்குக் கட்டுப்படியாகாதது நாலு வீட்டுக்குக் கட்டுப்படியாகும்.

அப்படியும் முடியாத வீடுகள் இருக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முதுமைப் பராமரிப்பின் செலவை அவருடைய தூக்கத்திலிருந்து எடுக்கக் கூடாது. அரசிடம்தான் கேட்க வேண்டும். அமெரிக்காவில் ‘ஹேண்ட் இன் ஹேண்ட்’ என்று வீட்டு முதலாளிகளின் அமைப்பு ஒன்று இருக்கிறது. பராமரிப்பாளருக்கு நியாயமான சம்பளம் வேண்டும், அதைக் கொடுக்க முடியாத குடும்பங்களுக்குப் பொதுப் பணம் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்கிறார்கள்.

கேள்வி: வேலை செய்கிறவர்களுக்குச் சங்கம் வைத்துக் கொடுப்பதற்கா நாங்கள் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குகிறோம்? கேட்டில் நாலு பேர் நின்று பேசினாலே மறுநாள் எங்கள் வீட்டில் சம்பள உயர்வு கேட்கிறார்கள்.

கேட்பார்கள். அதற்குத்தானே பேசுவது. அட்லாண்டாவில் டாரத்தி போல்டன் என்று ஒரு பெண்மணி இருந்தார், சிறு வயதிலிருந்தே வீட்டு வேலை செய்தவர். வேலைக்குப் போகிற பெண்களோடு பேருந்தில் பேசிப் பேசியே 1968இல் ஒரு சங்கத்தை உருவாக்கினார். நீங்கள் கேட்டைப் பூட்டலாம். பேருந்தை என்ன செய்வீர்கள்?

கேள்வி: அம்மா சொல்ல நான் எழுதுகிறேன். அம்மா ஐந்து வீட்டில் வேலை செய்கிறார். ‘வீட்டுக்காரங்க எல்லாம் கூடி நமக்கு நல்லது பண்ணப்போறாங்களாம். அந்தக் கூட்டத்துல நாங்க எங்க உட்காரணும்னு கேளு’ என்றார்.

எங்களோடு, அதே மேசையில், நாற்காலியில். ஆனால் நாங்கள் முதலில் அப்படிச் செய்யவில்லை. நாலு வீட்டுக்காரர்களும் பேசி முடித்து, தாளை எழுதிவிட்டு, எங்கள் வீடுகளில் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு வாசித்தோம். நின்றபடியே கேட்டார். ‘நல்லாருக்கும்மா’ என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். நிர்வாகத்தின் சுற்றறிக்கையை மேலதிகாரி வாசிக்கும்போது நாங்களும் அப்படித்தான் தலையாட்டுவோம்.

இரண்டாவது கூட்டத்துக்கு எங்கள் மாடியில் வேலை செய்கிற ஆறு பேரையும் கூப்பிட்டோம். முதலில் நீங்கள் தனியாகப் பேசிவிட்டு வாருங்கள் என்று அரை மணி நேரம் அறையைக் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே நின்றோம். சம்பளப் பேச்சுதான் முதலில் வரும் என்று பக்கத்து வீட்டுக்காரர் போனில் கால்குலேட்டரைத் திறந்து வைத்திருந்தார். வந்தது கழிப்பறை. காலையில் முதல் வீட்டுக்குள் நுழைந்தால் மதியம் வரை போக இடம் கிடையாது. எந்த வீட்டிலும் கேட்கக் கூச்சம். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை என்றார் ஒருவர். ‘குடிச்சா போகணுமேம்மா.’ நாலு வீட்டுக்காரர்கள் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதிய தாளில் இது ஒரு வரி இல்லை.

கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடந்த கழிப்பறையின் சாவி இப்போது அவர்களிடம் இருக்கிறது. சம்பளம் இரண்டாவதாக வந்தது. கேட்டதில் முக்கால் பங்கை உடனேயும், மீதியை அடுத்த வருடமும் என்று எழுதினோம். ஒரு வீட்டுக்காரர் கையெழுத்துப் போடவில்லை. இன்னும் போடவில்லை.

உங்கள் அம்மாவை அந்தக் கூட்டத்துக்குத் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். கூட வேலை செய்கிற ஒருவரையாவது அழைத்துக்கொண்டு போகட்டும். கூட்டத்துக்கு வருகிற நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதை உட்காருவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ளட்டும். நேரத்தையும் அம்மாவே சொல்லட்டும். நாங்கள் காலை பத்து மணிக்கு வைத்திருந்தோம், எங்களுக்கு அது ஓய்வான நேரம். அவர்களுக்கு அதுதான் மூன்றாவது வீடு. இப்போதெல்லாம் மதியம் மூன்று மணிக்குத்தான் கூடுகிறோம்.