கூலன்ட்டில் எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்றுதான் அர்த்தமா?

எட்டு வருடம் ஓடிய டீசல் கார், ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டைக் கழட்ட வேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஹெட் என்பது எஞ்சினின் மேல்பாகம். அதற்கும் கீழே இருக்கும் பிளாக்கிற்கும் நடுவில் கசியாமல் அடைத்துக்கொண்டிருக்கும் தகடுதான் ஹெட் கேஸ்கட். ரேடியேட்டர் தண்ணீர், கூலன்ட் என்று நான் சொல்வதெல்லாம் எஞ்சினைக் குளிரவைக்கும் அதே திரவத்தைத்தான்.

இன்றைக்கே சரி என்று சொல்லிவிடாதீர்கள். அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் தண்ணீரில் எண்ணெய் தெரிகிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து அதை உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. எண்ணெய் எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது தனி வேலை. அதைச் செய்யாமல் ஹெட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது. இதை நான் அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பாவை மாதம் ஒரு முறை புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், போக மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல். அதற்காகவே வைத்திருக்கும் பழைய டீசல் கார். ஒரு நாள் காலை கிளம்பும் முன் பானட்டைத் திறந்து கூலன்ட் டேங்கைப் பார்த்தேன். உள்ளே பச்சையாக இருக்க வேண்டியது சுக்குக் காபி நிறத்தில் இருந்தது. மேலே, ஆறிப்போன டீயில் படியுமே, அந்த மாதிரி ஓர் ஆடை. மூடியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருந்ததை விரலால் தொட்டேன். வழுவழுவென்று இருந்தது. தண்ணீரில் கழுவினால் போகவில்லை, சோப்பு போட்டுத் தேய்த்தபின்தான் போனது.

இத்தனைக்கும் வண்டி சூடானதே இல்லை. முந்தைய வாரம் மரப்பாலம் சிக்னலில் ஏசி போட்டுக்கொண்டு கால் மணி நேரம் நின்றபோதுகூட மீட்டர் முள் நடுவிலேயே இருந்தது. வெள்ளைப் புகை இல்லை, இழுவை குறையவில்லை. முதலில் காட்டிய பட்டறையில் மூடியைத் திறந்து பத்து விநாடி பார்த்தார்கள். ஹெட் கேஸ்கட்தான், 40,000 ரூபாய் எடுத்து வையுங்கள் என்றார்கள். வேறு எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாமாவுக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கொண்டுபோனேன். அவர் சொன்ன முதல் வார்த்தை, "ஹெட்டைக் கழட்டுறது கடைசி வேலை தம்பி. இது எண்ணெய்தானான்னு மொதல்ல பாப்போம்."

அங்கிருந்துதான் நீங்களும் தொடங்க வேண்டும். பச்சைக் கூலன்ட் இருந்த வண்டியில் யாராவது சிவப்புக் கூலன்ட்டை ஊற்றியிருந்தால், சில வகைகள் ஒன்றோடொன்று சேராமல் கூழாகிவிடும். ஒழுகலை அடைக்க ரேடியேட்டருக்குள் போடும் பொடியும் பழுப்புச் சேறாகப் படியும். இரண்டும் பார்வைக்கு எண்ணெய் மாதிரியே இருக்கும். அந்த வயதான மெக்கானிக் அண்ணன் செய்தது ரொம்ப எளிமையான சோதனை. டேங்கின் மேல்பாகத்திலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு பழைய செய்தித்தாளில் இரண்டு சொட்டு விட்டு வெயிலில் வைத்தார். தண்ணீர் காய்ந்து போயிற்று. ஆனால் பஜ்ஜி மடித்த காகிதத்தில் தெரிகிற மாதிரி, வெளிச்சம் ஊடுருவுகிற வட்டம் ஒன்று நின்றது. மீதியைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி ராத்திரி முழுக்க ஆடாமல் வைத்தோம். காலையில் மேலே ஒரு விரற்கடை கறுப்பு, கீழே கலங்கிய பச்சை. எண்ணெய்தான், சந்தேகமில்லை. சில சமயம் எண்ணெயும் தண்ணீரும் மோர் கடைந்த மாதிரி ஒன்றாகிப் பிரியாமலே நிற்கும். அப்போது பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்துப் பாருங்கள்.

அடுத்து, எந்த எண்ணெய்? உங்கள் வண்டி ஆட்டோமேட்டிக் என்றால் இதை முதலில் பார்க்க வேண்டும். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும். அது உடைந்தால் கூலன்ட் ரோஸ் மில்க் நிறத்துக்கு வரும், ஏனென்றால் கியர் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. அப்படி இருந்தால் வண்டியை ஒரு அடிகூட ஓட்டாதீர்கள். கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் போனால் உள்ளே இருக்கும் கிளட்ச் தகடுகள் கெட்டுவிடும், அந்தச் செலவு ஹெட் வேலையை விடப் பெரிதாகலாம். மேனுவல் வண்டியில் இந்தக் கவலை இல்லை. டீசல் எஞ்சின் எண்ணெய் சீக்கிரமே கறுத்துவிடும் என்பதால் கூலன்ட் பழுப்பாகவோ கருஞ்சாம்பலாகவோ தெரியும்.

இனிமேல்தான் முக்கியமான இடம். எஞ்சின் எண்ணெயின் அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். என் வண்டியில் அளவு மேல்கோட்டிலிருந்து கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. ஆனால் எண்ணெய் சுத்தமாக, வழக்கமான கறுப்பில்தான் இருந்தது, பால் கலந்த அடையாளமே இல்லை. எண்ணெய் தண்ணீருக்குள் போகிறது, தண்ணீர் எண்ணெய்க்குள் வரவில்லை. இது எப்படி என்று அண்ணன் விளக்கினார். எஞ்சின் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் 3 முதல் 5 பார் வரை இருக்கும். ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தமோ 1 பாரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடத்தில் ஓட்டை விழுந்தால் அழுத்தம் அதிகமுள்ள எண்ணெய்தான் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு நுழையும். எஞ்சினை அணைத்ததும் எண்ணெய் அழுத்தம் உடனே விழுந்துவிடும், சூடான கூலன்ட்டின் அழுத்தம் கொஞ்ச நேரம் நிற்கும். அந்த நேரத்தில் எதிர்த்திசையில் கசியவும் வாய்ப்பு உண்டு. அதனால் இன்றைக்கு டிப்ஸ்டிக் சுத்தமாக இருக்கிறது என்று வண்டியை மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

எண்ணெயும் தண்ணீரும் அப்படிப் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இடங்களில் ஒன்று ஆயில் கூலர். நிறைய டீசல் எஞ்சின்களில் ஆயில் ஃபில்டரை ஒட்டியே இருக்கும், உள்ளங்கை அளவு அலுமினியப் பெட்டி. அடுக்கடுக்கான தகடுகளுக்கு நடுவே ஒரு அடுக்கில் எண்ணெய், அடுத்த அடுக்கில் கூலன்ட். ஒரு தகடு அரித்தாலோ ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இற்றுப்போனாலோ இரண்டும் கலந்துவிடும். ஹெட்டைத் தொடாமலே கழட்டி மாற்றக்கூடிய பாகம் இது. கோளாறு இதில் இருக்கும்போது, இதைச் சோதிக்காமல் ஹெட்டைக் கழட்டினால், புது கேஸ்கட் போட்டு மாட்டிய பின்னும் தண்ணீரில் எண்ணெய் வந்துகொண்டேதான் இருக்கும். எத்தனை வீடுகளில் இப்படி நகையை வைத்துப் பணம் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆறவில்லை.

ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கவும் வழி இருக்கிறது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில், காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி விறைத்திருந்தால் எஞ்சின் சிலிண்டருக்குள் டீசல் எரிந்து வரும் புகை தண்ணீருக்குள் புகுந்திருக்கலாம். அப்புறம் மூடியைத் திறந்துவைத்தபடி ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழி வருவது சகஜம். நிற்காமல் வந்துகொண்டே இருந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால் அது கெட்ட அறிகுறி. டேங்கின் வாயில் வைத்து அந்தக் காற்றை உறிஞ்சிப் பார்க்கும் நீல நிறத் திரவம் ஒன்று இருக்கிறது, அந்தப் புகை பட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். எண்ணெய்க் கூலன்ட் அதற்குள் ஏறிவிடாமல் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். இதோடு கம்ப்ரஷனும், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தமும் பார்த்துவிட்டால் நல்லது.

தயவுசெய்து சூடான வண்டியில் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் மூடி கழன்றதும் கொதித்துப் பீறிடும். கைதான் வெந்துபோகும்.

என் வண்டியில் ஹோஸ் மெத்தென்றுதான் இருந்தது, குமிழி இல்லை, திரவமும் நீலமாகவே நின்றது. எனக்கு உயிர் வந்தது. அண்ணன் மட்டும் இன்னும் முடியவில்லை என்று தலையை ஆட்டினார். கேஸ்கட்டில் எண்ணெய் ஏறும் துளைக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவில் மட்டும் கிழிந்தால் சிலிண்டர் புகை வராது, எண்ணெய் மட்டும் வரும், ஹெட்டில் விரிசல் இருந்தாலும் அப்படி ஆகலாம் என்றார். ஆகவே ஆயில் கூலரைக் கழட்டிப் பார்த்தே ஆக வேண்டும்.

அன்று சாயங்காலம் அதைக் கழட்டினார். எண்ணெய்ப் பக்கத்தின் ஒரு துளையை அடைத்து, இன்னொன்றில் காற்றுக் குழாயை மாட்டி, சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற மாதிரி பேசினில் முக்கினார். ஒன்றும் வரவில்லை. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தோம், ஒரு குமிழிகூட இல்லை. ஹெட்தான் போலிருக்கிறது என்று என் மனதுக்குள் கணக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அவர் டீ போடும் அடுப்பில் ஒரு குண்டான் தண்ணீரைக் காயவைத்தார். "வண்டியில இது பச்சத்தண்ணியிலயா கெடக்கு?" என்று கேட்டுக்கொண்டே பேசினில் கொட்டினார். உலோகம் சூடேற ஒரு நிமிஷம் ஆனது. அப்புறம் கூலன்ட் துளை வழியாகக் கடுகு கடுகாகக் குமிழிகள், ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வந்தன. எண்ணெய்ப் பக்கம் கொடுத்த காற்று கூலன்ட் பக்கம் வருகிறது. நீங்களும் இந்தச் சோதனையை வெந்நீரில்தான் செய்யச் சொல்ல வேண்டும். சூட்டில் மட்டும் வாய் திறக்கிற விரிசல் பச்சைத் தண்ணீரில் தெரியாமல் போய்விடும்.

துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோது தகடுகளின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. வருஷக்கணக்காக ரேடியேட்டருக்கு வீட்டு போர் தண்ணீரை ஊற்றியது நாங்கள்தான். கடற்கரையோரத்துப் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பாத்திரத்தில் காயவைத்தாலே உப்பு படியும். அலுமினியத்துக்கு அது ஆகாது. டிஸ்டில்டு வாட்டரும் வண்டிக் கம்பெனிக்காரர்கள் சொன்ன வகைக் கூலன்ட்டும் மட்டும்தான் ஊற்ற வேண்டும். அந்தக் கூலன்ட்டையும் அவர்கள் சொன்ன காலத்தில் மாற்றிவிட வேண்டும். அரிப்பைத் தடுக்க அதில் சேர்த்திருக்கும் மருந்து நாளாக ஆகத் தீர்ந்துபோகும்.

பாகத்தை மாற்றியது அரை நாள். கழுவியது ஒன்றரை நாள். சூட்டுக்கு ஏற்ப கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு, நுரை அதிகம் வராத ரேடியேட்டர் கிளீனரை வெந்நீரில் கலந்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கொஞ்சம் ஆறவிட்டு, இளஞ்சூட்டிலேயே வடித்தோம். துணி சோப்புத் தூள் போடலாமா என்று கேட்டேன். நுரை உள்ளே காற்றாக நின்று சூட்டைக் கிளப்பும், வேண்டாம் என்றார். ஏழாவது முறைதான் தண்ணீர் தண்ணீராக வந்தது. ஹோஸ்களில் இரண்டை மாற்ற வேண்டியிருந்தது. கூலன்ட் ஹோஸின் ரப்பருக்கு எண்ணெய் பகை. பட்டால் ஊறி உப்பிவிடும், அமுக்கினால் ஊறவைத்த ரொட்டி மாதிரி விரல் உள்ளே போனது. அவற்றை அப்படியே விட்டிருந்தால் ஏதோ ஒரு நாள் நடுரோட்டில் வெடித்திருக்கும். எஞ்சின் ஆயிலையும் ஃபில்டரையும் கூடவே மாற்றிவிட்டோம்.

வடித்த தண்ணீரை என்ன செய்வது என்பதையும் யோசித்து வையுங்கள். எங்கள் தெருச் சாக்கடை கடைசியில் உப்பனாற்றுக்குத்தான் போகிறது, அங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் வலை போடுகிறார்கள். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருக்கும், தெருநாயோ பூனையோ நக்கினால் செத்துவிடும். மண்ணில் ஊற்றாமல் கேன்களில் பிடித்து, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுத்தோம்.

உங்கள் வண்டியில் டிப்ஸ்டிக்கோ எண்ணெய் மூடியின் அடியோ பாலாடை மாதிரி இருந்தால் நான் சொன்ன கதை உங்களுக்குப் பொருந்தாது. மழைக்காலத்தில் பக்கத்துக் கடைக்கு மட்டும் ஓடுகிற வண்டியில் மூடியின் அடியில் லேசாக வெள்ளை படிவது ஈரத்தால் நடக்கும், அது வேறு. டிப்ஸ்டிக்கிலேயே பால் நிறம் தெரிந்தால் எஞ்சினைப் போடவே போடாதீர்கள், கட்டி இழுத்துப் போங்கள். தண்ணீர் கலந்த எண்ணெயில் பேரிங் தேய்ந்துவிடும். ஹெட்டைக் கழட்டித்தான் ஆக வேண்டும் என்று சோதனையில் தெரிந்தால், கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடிவிட ஒத்துக்கொள்ள வேண்டாம். லேத்தில் கொடுத்து ஹெட் வளைந்திருக்கிறதா என்று பார்த்து, விரிசலுக்குப் பிரஷர் டெஸ்டும் செய்த பிறகுதான் மாட்ட வேண்டும்.

இன்னொன்று. எல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து டேங்கில் மறுபடியும் மெல்லிய எண்ணெய்ப் படலம் தெரிந்தது. எனக்குத் தூக்கமே போயிற்று. அண்ணனுக்குப் போன் செய்தேன். ஹீட்டர் குழாயின் மூலையிலும் பிளாக்கிற்குள்ளும் ஒட்டியிருந்தது கரைந்து வருகிறது, டிப்ஸ்டிக்கில் கோடு இறங்கியிருக்கிறதா என்று கேட்டார். இறங்கவில்லை. படலத்தைச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுக்கச் சொன்னார். வாரம் ஒரு முறை கொஞ்சம் கூலன்ட்டைச் சின்ன பாட்டிலில் பிடித்து, தேதி எழுதி ஜன்னலில் வைத்தேன். முதல் பாட்டிலில் நூல் அளவு எண்ணெய் நின்றது. இரண்டாவதில் இரண்டு மூன்று பொட்டு. நாலாவது பாட்டில் அடி முதல் கழுத்து வரை பச்சையாகவே இருந்தது. அந்த வாரம் அப்பாவை அதே வண்டியில்தான் ஜிப்மருக்கு அழைத்துப் போனேன்.