அபாகஸ் முதல் இன்க்ரிமென்ட்டிலேயே நின்றுவிட்டால் எங்கே தேடுவது?

அபாகஸ் என்பது ஒரு பாகத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து (அந்தப் பிரிப்புதான் மெஷ்), லோடைப் படிப்படியாக ஏற்றி (ஒவ்வொரு படியும் ஓர் இன்க்ரிமென்ட்), அது தாங்குமா என்று கணக்கிடும் மென்பொருள். கேள்வி இது: "அபாகஸ் ஸ்டாண்டர்டில் இரண்டு போல்ட் போட்ட ஒரு ஸ்டீல் பிராக்கெட்டை ஸ்டாட்டிக் அனாலிசிஸ் செய்கிறேன். 'டூ மெனி அட்டெம்ப்ட்ஸ் மேட் ஃபார் திஸ் இன்க்ரிமென்ட்' என்று நின்றுவிடுகிறது. மெஷ்ஷை இன்னும் நுணுக்கிப் பார்த்தேன், இன்க்ரிமென்ட்டைக் குறைத்துப் பார்த்தேன், பலன் இல்லை. என்ன செய்யலாம்?"

முதலில் மெஷ்ஷை விட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு மெஷ் காரணமாக இருப்பது அபூர்வம். நுணுக்க நுணுக்க ஒவ்வொரு ரன்னும் நீளும், தேடுவதற்கான பொறுமைதான் கரையும்.

அந்தப் பிழைச் செய்தியில் காரணம் எதுவும் இல்லை. கணக்கைத் தீர்க்கும் சால்வர் சோர்ந்துபோய் நிறுத்திய இடத்தை மட்டும் அது சொல்கிறது. நடந்ததைப் பார்க்க ரன்னின் போக்கைப் பதியும் எஸ்டிஏ (.sta) கோப்பைத் திறவுங்கள். ஆரம்ப இன்க்ரிமென்ட் 1 என்று கொடுத்திருந்தால் அங்கே 1யு, 2யு, 3யு, 4யு, 5யு என்று ஐந்து வரிகள் இருக்கும் (யு என்றால் விடை கிடைக்காமல் தோற்ற முயற்சி). அவற்றின் கடைசி நெடுவரிசையில் 1, 0.25, 0.0625, 0.01563, 0.003906 என்று எண்கள் இறங்கிக்கொண்டே வரும். ஒவ்வொரு முறை தோற்கும்போதும் இன்க்ரிமென்ட்டைக் கால்வாசியாக வெட்டி மறுபடி முயன்றிருக்கிறது. லோடில் 256-இல் ஒரு பங்கைக்கூடத் தாங்க முடியவில்லை என்றால் லோடு அதிகம் என்பது காரணமாக இருக்காது. ஏதோ ஒரு பாகம் எதனாலும் பிடிக்கப்படாமல் மிதக்கிறது. போல்ட் உள்ள மாடல் என்றால் என் முதல் சந்தேகம் போல்ட் மேல்தான்.

இதை உறுதி செய்ய எச்சரிக்கைகளை விவரமாகப் பதியும் எம்எஸ்ஜி (.msg) கோப்புக்குப் போங்கள். கடைசி வரியைப் படிக்காமல், முதல் எச்சரிக்கையிலிருந்து படியுங்கள். 'நியூமெரிக்கல் சிங்குலாரிட்டி' என்று ஒரு வரி இருந்தால் அதில் நோடு (மெஷ் துண்டுகள் சந்திக்கும் புள்ளி) எண், இன்ஸ்டன்ஸ் (பாகத்தின்) பெயர், எந்தத் திசை, ஒரு விகிதம், நான்கும் இருக்கும். கணினி இரட்டைத் துல்லியத்தில் வைத்திருப்பதே 15, 16 இலக்கம்தான். விகிதம் 10-இன் அடுக்கு 15 என்று போய்விட்டால், அந்த நோடுக்கு வந்த விடையில் நம்பக்கூடிய இலக்கம் ஏதும் மிச்சமில்லை. அந்த நோடு எந்தப் பாகத்தில் இருக்கிறது என்று பாருங்கள், குற்றவாளி பெரும்பாலும் அதுதான். 'ஜீரோ பிவட்' என்று வந்தால் கதை வேறு. அப்போது ஒரே நோடை டை (பரப்புகளை ஒட்டுவது), கப்ளிங் (ஒரு புள்ளியோடு பிணைப்பது), பவுண்டரி கண்டிஷன் (அசையாமல் பிடிப்பது) என்று இரண்டு மூன்று பக்கமிருந்து கட்டிப்போட்டிருக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது. மாடலை ஒரு பிரதி எடுத்து, ஸ்டாட்டிக் ஸ்டெப்பை எடுத்துவிட்டு இயல்பு அதிர்வுகளைக் கணக்கிடும் ஃப்ரீக்வென்சி ஸ்டெப் போடுங்கள், டென்சிட்டி கொடுக்க மறக்க வேண்டாம். முதல் பத்து மோடு (அதிர்வு வடிவம்) போதும். ஆரம்ப நிலையில் தொடாத கான்டாக்ட் அங்கே கணக்கில் வராது. ஆகவே பிடிப்பில்லாத பாகம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 0 ஹெர்ட்ஸில் ஒரு மோடாக வெளியே வரும். அனிமேஷனை ஓடவிட்டால் பிராக்கெட் அசையாமல் நிற்க, போல்ட் மட்டும் துளைக்குள் தன் அச்சில் சுழன்றுகொண்டிருப்பது கண்ணால் தெரியும். எம்எஸ்ஜி கோப்பில் எண்ணாகத் தேடுவதைவிட இது எவ்வளவோ மேல். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

போல்ட்டுக்கு மருந்து என்ன? மூன்று ஸ்டெப்பாகப் பிரியுங்கள். முதல் ஸ்டெப்பில் ப்ரீலோடில் (போல்ட்டை முறுக்கும்போது அதில் ஏறும் இழுவிசை) மிகச் சிறிய பங்கை மட்டும் கொடுங்கள், அந்த ஒரு ஸ்டெப்புக்கு மட்டும் போல்ட்டைத் தற்காலிகமாகப் பிடித்து வையுங்கள். தலையும் நட்டும் தகட்டில் உட்கார்ந்துவிடும். இரண்டாவதில் அந்தப் பிடியை விட்டுவிட்டு முழு ப்ரீலோடு. மூன்றாவதில் போல்ட்டின் நீளத்தை அப்படியே பூட்டிவிட்டு வெளி லோடு. முதல் ஸ்டெப்புக்கு முன்பே தலைக்கும் தகடுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். கேட் (CAD) வரைபடத்தில் ஒட்டியிருப்பது போலத் தெரியும், வளைந்த பரப்பில் மெஷ் போட்டதும் பிரிந்திருக்கும். கான்டாக்ட் அட்ஜஸ்ட் கொடுத்தால் அது மூடிவிடும். உராய்வு இல்லாமல் விட்டிருந்தால் போல்ட் சுழல்வதைத் தடுக்க எதுவுமே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

யூனிட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அபாகஸுக்கு யூனிட் என்று எதுவும் தெரியாது. மில்லிமீட்டர், நியூட்டன், டன் என்று போனால் ஸ்டீலின் யங்ஸ் மாடுலஸ் 210000, டென்சிட்டி 7.85-ஐ 10-இன் அடுக்கு மைனஸ் 9-ஆல் பெருக்கிய எண். புவியீர்ப்பு 9.81 அல்ல, 9810.

சரி, முதல் இன்க்ரிமென்ட் தாண்டி லோடில் 0.6, 0.7 பங்கு வரை வந்து அப்புறம் நின்றால்? இங்கேதான் நிறையப் பேர் சால்வரைத் திட்டுகிறார்கள், அது எனக்கு ஏற்பில்லை. அதுவரை நன்றாக ஓடிய கணக்கு திடீரென்று நிற்கிறது என்றால், பெரும்பாலும் இயற்பியலில் ஏதோ மாறியிருக்கிறது. பிளாஸ்டிக் அட்டவணையில் (நிரந்தரமாக உருமாறத் தொடங்கிய பின் பொருளின் தகைவைச் சொல்வது) கடைசியாக 400 மெகாபாஸ்கல் என்று கொடுத்திருந்தால், அதற்கு மேல் அபாகஸ் அதே 400-ஐ வைத்துக்கொண்டே போகும். குறுக்குவெட்டு முழுக்க அந்த அளவை எட்டிய பிறகு கூடுதல் விசையைத் தாங்க அங்கே ஒன்றும் இல்லை. சமநிலை என்பதே இல்லாத ஒரு நிலையைக் கண்டுபிடிக்கச் சொல்லி நாம் கேட்கிறோம், அது இல்லை என்கிறது. மெல்லிய தகடு பக்லிங் ஆனாலும் (அழுத்தத்தில் திடீரென்று நெளிந்தாலும்) இதே கதைதான். அப்போது விசைக்குப் பதில் இடப்பெயர்ச்சியைக் கொடுத்து ஓட்டிப் பாருங்கள், எதிர்விசை வளைவு எங்கே தட்டையாகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரிந்துவிடும். பிராக்கெட்டின் தாங்குதிறன் அந்த வளைவில் இருக்கிறது. வடிவமைப்பாளர் தேடும் விடையே அதுதானே? அதைப் பிழை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

ரெசிட்யூவல் டாலரன்ஸை (விசைகள் எவ்வளவு சமன்படாமல் மிஞ்சலாம் என்ற வரம்பை) தளர்த்தினால் ஓடிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசைக்கு இயல்பாக இருப்பது 0.5 விழுக்காடு. அதைப் பத்து விழுக்காடாக்கினால் ரன் முடியும், வண்ணப்படமும் வரும். ஆனால் அந்தப் படத்தில் விசைகள் சமநிலையில் இருக்காது. அந்த எண்ணை நம்பி யாரோ ஒருவர் தகட்டின் தடிமனைக் குறைப்பார், அந்தத் தகட்டின் கீழே ஆள் நின்று வேலை செய்வார். ஸ்டெபிலைசேஷன் (மாடலைப் பிடித்து நிறுத்தச் சேர்க்கும் செயற்கைத் தணிப்பு) அந்த அளவுக்குக் கெட்டதில்லை, சில இடங்களில் அது இல்லாமல் முடியாது. போட்டால் முடிவில் அது விழுங்கிய ஏஎல்எல்எஸ்டி (ALLSD) என்ற ஆற்றலை, மாடலின் மொத்த உள் ஆற்றலான ஏஎல்எல்ஐஇ-யோடு (ALLIE) ஒப்பிட்டே தீர வேண்டும். ஒன்றிரண்டு விழுக்காட்டைத் தாண்டினால் நான் அந்த முடிவை ஏற்க மாட்டேன். ஓடி முடிந்த எந்த மாடலிலும் எதிர்விசைகளின் கூட்டுத்தொகை நீங்கள் கொடுத்த லோடுக்குச் சமமா என்றும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

இதே வகை மென்பொருளான ஆன்சிஸ் மெக்கானிக்கலில் 'இன்டர்னல் சொல்யூஷன் மேக்னிட்யூட் லிமிட்' தாண்டியது என்று வருவதும் பெரும்பாலும் இதே மிதக்கும் பாகத்தைத்தான் சொல்கிறது, அங்கேயும் மோடல் அனாலிசிஸ் வழி செல்லும்.

இத்தனைக்கும் பிறகு நின்றால், போல்ட்டுகளை எடுத்துவிட்டு எல்லாக் கான்டாக்ட்டையும் டை ஆக்கி, நான்லீனியர் ஜியாமெட்ரியை (பெரிய உருமாற்றத்தைக் கணக்கில் எடுக்கும் அமைப்பை) அணைத்து, பொருளை வெறும் எலாஸ்டிக்காக வைத்து ஓட்டுங்கள். அது ஓடும். ஓடியதும் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சேருங்கள், ஒரு ரன்னுக்கு ஒரே ஒரு மாற்றம். எதைச் சேர்த்ததும் நிற்கிறது என்பதையும், எம்எஸ்ஜி கோப்பில் அந்த இன்க்ரிமென்ட்டின் கடைசி இட்டரேஷனில் (விடையைத் திருத்தித் திருத்திப் பார்க்கும் சுற்றில்) மிகப் பெரிய ரெசிட்யூவல் எந்த நோடில் என்பதையும் கேள்வியிலேயே சேர்த்துவிடுங்கள். அந்த இரண்டும் இருந்தால் மேற்கொண்டு பார்த்துச் சொல்கிறேன்.